கடுகும் மிளகும்: ஞானக்கூத்தன் கவிதைகளில் அன்றாட வாழ்க்கை

ஞானக்கூத்தன் கவிதைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ‘நகைச்சுவையாக எழுதுவார்’ என்ற ஒரே மதிப்புரையோடு பலரும் அமைந்துவிடக் காண்கிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். கல்லூரியில் பாரதியையும் பாரதிதாசனையும் பாடமாகப் படித்து, கவிதையென்றால் குரல் உயரவேண்டும் என்று பழகியிருந்த எனக்கு, கடைக்குப் போகும் பெண்ணும் அலுவலகத் தூக்கமும் பாடுபொருளாவது வெறும் விளையாட்டாகவே தோன்றிற்று. அக்கருத்தை நான் மாற்றிக்கொள்ள நேர்ந்தது எவ்வாறு என்பதையே இங்குக் கூற முற்படுகிறேன்.

1938-இல் மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூரில் பிறந்தவர் இவர், இயற்பெயர் ரங்கநாதன். வீட்டு மொழி கன்னடம். சென்னையில் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். 1970-இல் தோன்றிய ‘கசடதபற’ இதழோடு நெருங்கிய தொடர்புடையவர். முதல் தொகுதியான ‘அன்று வேறு கிழமை’ 1973-இல் வெளிவந்தது. ‘சூரியனுக்குப் பின்பக்கம்’, ‘கடற்கரையில் சில மரங்கள்’, ‘மீண்டும் அவர்கள்’ முதலியன பின்னர் வந்தவை. 2016-இல் மறைந்தார்.

‘சைக்கிள் கமலம்’ என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். கமலம் மைதானத்தில் சைக்கிள் பழகுகிறாள். தம்பியைப் பள்ளியில் விட்டு வருகிறாள். கடுகு வாங்க ஒரு முறை, மிளகு வாங்க மறுமுறை, கூடுதலாக விலை வாங்கிவிட்ட கடைக்காரரோடு சண்டையிட இன்னொரு முறை என்று பறக்கிறாள். மேலோட்டமாகப் படிப்பவர் இது ஒரு மறதிக்காரப் பெண்ணைப் பற்றிய வேடிக்கை என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. கடுகையும் மிளகையும் ஒரே தடவையில் வாங்கிவரக் கமலத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரே தடவையில் வாங்கிவிட்டால் மறுமுறை வெளியே போக என்ன காரணம் சொல்வாள்? வீட்டைவிட்டு வெளிக்கிளம்ப ஒரு பெண்ணுக்கு எப்போதும் ஒரு காரணம் தேவைப்பட்ட ஊர் அது. அஞ்சறைப்பெட்டியே அவளுக்கு அனுமதிச் சீட்டாகிறது! எதிரே குழந்தையோ மாடோ வந்தால் உடனே இறங்கிவிடுவாள் என்று கூறும் கவிஞர், அவை எதிர்ப்படாத தெரு தம்மூரில் இல்லை என்பதையும் சேர்த்துக் கூறுகிறார். அப்படியாயின் கமலம் சைக்கிளின்மேல் இருந்த நேரம்தான் எவ்வளவு? ஏறுவதும் இறங்குவதுமாகக் கழிந்த அந்தச் சிறு விடுதலையைக் கவிஞர் இரங்கியும் பாடவில்லை, புகழ்ந்தும் பாடவில்லை. தம்மீது ஒருமுறை மோதியதை மட்டும் போகிற போக்கில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த மோதலில் புகார் தொனி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கவிதையை வாய்விட்டுப் படித்தால் சைக்கிளின் ஓட்டம் போன்ற ஒரு சந்தம் காதில் விழும். புதுக்கவிதைக்காரர் என்று பெயர் பெற்ற ஒருவர் மரபின் ஓசையை இவ்வளவு விரும்பிக் கையாண்டது வியப்பே. மன்னரையும் மலையையும் பாடிய ஓசையில் மளிகைச் சாமான் வந்து உட்காரும்போது, நகைப்பு எழுவதோடு அப்பொருளுக்கு ஒரு மரியாதையும் வந்துவிடுகிறது. பின்னைத் தொகுதிகளில் இவ்வோசை தளர்ந்து உரைநடைப் போக்கு மிகுகிறது. அவற்றிலும் கூர்மை உண்டு. ஆயினும் ஒருமுறை படித்தால் நாவில் தங்குபவை குறைவு என்பது என் எண்ணம்.

‘தோழர் மோசிகீரனார்’ கவிதைக்கு வருவோம். அரசு அலுவலகத்தில் இருபதாண்டு கோப்பு கட்டியவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி உரிமை உண்டு. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில் அறியாது உறங்கிய புலவரை, மன்னன் வெட்டாது விசிறி கொண்டு வீசினான் என்பது புறநானூற்றின் 50-ஆம் பாடல் தரும் செய்தி. மன்னனின் தமிழன்புக்குச் சான்றாகவே மேடைதோறும் அதைக் கேட்டிருக்கிறோம். ஞானக்கூத்தனோ மன்னனை விட்டுவிட்டுத் தூங்கியவர் பக்கம் திரும்புகிறார். அரசாங்கக் கட்டடத்தில் முதன்முதலாக உறங்கியவர் என்று அவரைத் தோழமை கொண்டாடுகிறார். முதலில் சிரித்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கத்து மேசையில் தலை சாய்ந்துவிட்ட மூத்த எழுத்தர் ஒருவரை மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் எழுப்பிய விதத்தைக் கண்ட அன்று, அக்கவிதை வேறொன்றாகத் தெரிந்தது. விசிறி எடுத்த அரசனை இரண்டாயிரம் ஆண்டு கொண்டாடிவிட்டோம். நெடுவழி நடந்து வந்த புலவரின் அசதியை நினைத்தவர் எத்தனை பேர்?

எல்லாக் கவிதைகளுக்கும் இப்பெருமையை நான் தரமாட்டேன். மேடைப் பேச்சின் இழுவையை எழுத்தில் பிடித்துக் கேலி செய்யும் ‘காலவழுவமைதி’ வெகுவாகப் பாராட்டப்பட்டது. எனக்கு அதில் நிறைவில்லை. கமலத்தோடு தெருவில் நின்ற கவிஞர், அங்கே கூட்டத்துக்குச் சற்று மேலே நின்று பார்க்கிறார். தமிழ்ப் பற்றை மூச்சோடு இணைத்து, அம்மூச்சைப் பிறர்மேல் விடுவதற்கு மறுக்கும் அவருடைய சிறு கவிதையோ அதே கேலியைத் தம்மையும் உள்ளடக்கிச் செய்கிறது. அயல்மொழியாரிடையே சங்கம் அமைத்து வாழும் நமக்கு அது உறைக்கத்தான் செய்யும், உறைக்கட்டும்.

சிரிப்பு மட்டுமே இவர் கைப்பொருள் என்பாருக்குக் ‘கீழ்வெண்மணி’ விடை கூறும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் தீக்கிரையான கொடுமை அது. ஆவேசச் சொல் ஒன்றும் இல்லை. விடிந்தபின் ஊரார் கூடி, எரிந்தவற்றுள் இது இன்னது, இது இன்னது என்று இனங்காண்கின்றனர். பறவையும் பிள்ளையும் கன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. கடுகையும் மிளகையும் எண்ணிய அதே நிதானமான கணக்குத்தான். இங்கே நடுங்க வைக்கிறது.

ஒரு கவிதையோடு மட்டும் எனக்கு வழக்குண்டு. ‘அம்மாவின் பொய்கள்’ எல்லாரும் அறிந்தது. சிறுவயதில் அன்பினால் எத்தனையோ பொய்களைச் சொல்லிக் காத்த தாய், மகன் வளர்ந்ததும் ஏன் நிறுத்திவிட்டாள், அப்பொறுப்பு இனி அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று விட்டுவிட்டாளா என்று மகன் கேட்கிறான். அருமையான கேள்வி. ஆனால் ஊரிலேயே தாயருகில் இருக்கும் மகன்தான் அதைக் கேட்க முடியும். வெளிமாநிலத்துக்கு வந்துவிட்ட நாம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்பது என்ன? முழங்கால் வலி போய்விட்டது, மழை ஒழுகவில்லை, சாப்பாடு நேரத்துக்கு ஆகிறது, பண்டிகைக்கு வரமுடியாவிட்டால் பாதகமில்லை என்பவைதாமே? போன தீபாவளிக்கு முன்னறிவிப்பின்றி ஊருக்குப் போய் நின்றேன். கூடத்தில் இரண்டு குண்டான்கள் ஒழுகும் நீரை ஏந்திக்கொண்டிருந்தன. அம்மா சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து, நேற்றுத்தான் ஒழுக ஆரம்பித்தது என்றாள்.