மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ்

டென்மார்க்கில் 35 வயதைத் தாண்டிய காருக்கு எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பரிசோதனை. கோடையில் ஹேர்னிங் நகரத் தெருவில் அப்படியொரு பழைய மொறிஸ் மைனர் போனால் யாழ்ப்பாணத்து ஆட்கள் நின்று பார்ப்பார்கள். ஊரில் அது காட்சிப்பொருள் இல்லை. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய வாடகைக் கார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த வண்டி. பொனற்றைத் திறந்தால் எல்லாம் கைக்கெட்டும். 1990இல் யாழ்ப்பாணத்தின் மேல் இலங்கை அரசு தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதானபோதுதான் இதன் அருமை தெரிந்தது. அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின், மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் கண்ணெரிக்கும் புகை. கரி பிடித்த பிளக்கைக் கழற்றி, மண்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டினால் அடுத்த ஓட்டத்துக்குத் தயார். கிடைக்காத சாமானைக் கடைசல் பட்டறையில் செய்விப்பார்கள்.

இசிகோனிஸுக்கு 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. அவர் செய்த காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்த எங்கள் கராச்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நியாயப்படி பாதிப் பட்டம் அவர்களுக்குரியது.