சலூனும் சந்திப்பும்: ஈழத்துக் கருத்தாடற் குழுக்கள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துச் சஞ்சிகைகளை மதிப்பிடுவோர் எத்தனை இதழ்கள் வெளிவந்தன என்று எண்ணுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அவற்றைச் சூழ்ந்து யார் கூடினர், யாரோடு யார் முரண்பட்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கருத்தாடலின் உயிர் தங்கியிருப்பதோ அவ்வினாவிலேயே.

'மல்லிகை' 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தோன்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டது. தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. ஆசிரியர் டொமினிக் ஜீவா சிகையலங்காரத் தொழிலாளி. அவரது ஜோசப் சலூனே எழுத்தாளர் கூடும் களமாயிற்று. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோரும் அங்கு வந்தே பேச வேண்டியிருந்தது. யார் வாசலுக்கு யார் செல்வது என்ற சமூக நியதி அங்கே தலைகீழாயிற்று. முற்போக்காளர் கட்டுரைகளில் வாதித்ததை அச்சிறு கடை நடைமுறையிற் காட்டிற்று எனலாம்.

எனினும் ஒரே களத்தில் நெடுநாள் கூடுவோர் ஒரே குரலிற் பேசத் தொடங்குவதுமுண்டு. 1975இல் தோன்றிய 'அலை', அரசியல் நிலைப்பாட்டைக் கொண்டு மட்டும் இலக்கியத்தை அளக்கலாகாது என வாதிட்டது. கசப்பு மிகுந்த விவாதம்தான். ஆயினும் எதிர்த்தரப்பை வாசித்து மறுக்கும் பண்பு அதில் இருந்தது.

1983இன் பின்னர் நிலைமை வேறு. அரச ஒடுக்குமுறை ஒருபுறமும் ஆயுத இயக்கங்களின் அதிகாரம் மறுபுறமும் நெருக்க, கருத்து வேறுபாடு உயிராபத்தாயிற்று. 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவரான விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 'அலை' 1990இல் நின்றது. 'மல்லிகை' 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் கொழும்பிலிருந்து 2012 வரை வெளிவந்தது. போற்றத்தக்க உழைப்பே. ஆனால் பெயர்ந்து சென்றது சஞ்சிகைதான். சலூனைச் சூழ்ந்த கூட்டம் அன்று.

அக்கூட்டத்தின் இயல்பை வேறு வடிவிற் காண்பதற்கு 1988இல் ஜேர்மனியில் புலம்பெயர்ந்தோர் தொடங்கிய இலக்கியச் சந்திப்பையே நோக்க வேண்டும். தலைவர் இல்லை, யாப்பு இல்லை, நிலையான இடமும் இல்லை. நகரத்துக்கு நகரம் மாறியது. கைப்பற்றுவதற்கு ஒரு தலைமைப்பீடம் இல்லாமையே அதற்குக் காப்பாயிற்று. அதே இன்மை பின்னர் இடராகவும் மாறிற்று. 2013இல் 41ஆவது சந்திப்பை யாழ்ப்பாணத்தில் நடத்துவது தகுமா எனப் பெரும் பிணக்கு எழுந்தபோது, கூடும் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினாவுக்கு விடைதரும் விதி எதுவும் அங்கு இருக்கவில்லை.