'ஏஞ்சல்ஸ்' பாட்டும் ஒரு தாயாரின் கேள்வியும்

நமது தோட்டத்தில் சில மாதங்களுக்கு முன் ஒரு வாலிபர் சாலை விபத்தில் மாண்டார். அவரை அடக்கஞ் செய்த இடத்தில் தோழர்கள் கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை ஒலிக்கச் செய்தனர். முதியோர் சிலர் முகஞ் சுளித்தனர். பின்னொரு நாள் அவ்வாலிபரின் தாயார் ஆபீசு வாசலில் வந்து நின்று, "கிராணி ஐயா, நீங்க இங்கிலீசு படிச்சவுங்க. என் மவன் எந்நேரமும் கேட்ட பாட்டு அது. அதுல என்னதான் சொல்றான்?" என்று வினவினார். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பாட்டின் பெயர் 'ஏஞ்சல்ஸ்'. தேவதூதர்கள் என்பது பொருள். பாடியவர் ராபி வில்லியம்ஸ். இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தவர். 'டேக் தட்' என்னும் ஐவர் குழுவில் 16 வயதிற் சேர்ந்து, 1995இல் 21 வயதில் அதனின்று விலகினார். அக்குழுவின் பாட்டுகளிற் பலவற்றை எழுதியவரும் முன்நின்று பாடியவரும் காரி பார்லோ. ஆதலின், 1996இல் குழு கலைந்தபோது தனித்து நின்று பெயரெடுக்கப் போகிறவர் பார்லோவே என்று பலரும் எண்ணினர். வில்லியம்ஸ் 1997இல் வெளியிட்ட தனிப்பாட்டுகள் மூன்றும் விற்பனை வரிசையில் 2, 8, 14 என்று படியிறங்கின. அவ்வாண்டு டிசம்பரில் 'ஏஞ்சல்ஸ்' வந்தது. அதுவும் 4ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் எளிதில் இறங்கவும் இல்லை. அவரது முதற் பாட்டுத் தொகுப்பை 1998இல் முதலிடத்துக்கு இழுத்துச் சென்றது அதுவே.

தொடக்கத்தில் பியானோ ஒன்றே துணை. குரல் பேசுவது போலத் தாழ்ந்து நடக்கிறது. சங்கீத வித்துவான்கள் இக்குரலைப் பெரிதென்று கொள்ளார். மேலே ஏறுமிடத்தில் அது சற்றே பிசிறடிக்கிறது. நமக்கோ அந்தப் பிசிறே பாட்டின் உயிராகத் தோன்றுகிறது. ஐவர் சேர்ந்து பாடுங்கால் ஒருவன் குறை மற்றவன் குரலில் மறைந்துவிடும். இங்கே மறைவதற்கு ஆளில்லை. குழுவை விட்டு வந்தவன் தனிமையைப் பற்றிப் பாடுகிறான் என்பதைச் சொற்கள் கூறுமுன் குரல் கூறிவிடுகிறது. பின்னர் முரசும் வயலின்களும் சேர்கின்றன, இடையே கிதாரும் தனித்து முழங்குகிறது. இழவு வீட்டில் உற்றாரைக் காட்டிலும் அண்டை வீட்டார் உரக்க அழுவது போன்றது அது. அதைக் குறைத்திருக்கலாம்.

இனி, நம் சீர்திருத்த அன்பர்கள் எழுப்பும் தடைக்கு வருவோம். தேவதூதர் உண்டென்று பாடும் பாட்டைப் பகுத்தறிவாளன் பாராட்டலாமா என்பர். நாமும் தேவதூதரை நம்புவோமல்லோம். ஆனால் இப்பாட்டின் தூதர் யார்? வில்லியம்ஸ் தம் அத்தையையும் மாமனையும் நினைத்து எழுதியதாகச் சொல்லியுள்ளார். அயர்லாந்துப் பாடகர் ரே ஹெஃபர்னன் என்பாரோ, பிறவாமலே இழந்த தம் குழந்தையை எண்ணித் தாம் தொடங்கிய பாட்டு இது என்றும், டப்ளினில் வில்லியம்ஸைச் சந்தித்தபோது இருவரும் சேர்ந்து அதை உருவாக்கியதாகவும் கூறி வருகிறார். அவரோடு ஒரு முதற்படி செய்ததை வில்லியம்ஸும் மறுக்கவில்லை. பின்னர் கை சேம்பர்ஸ் என்பாருடன் பெரிதும் திருத்தி எழுதியதாகச் சொல்கிறார். தட்டில் உள்ள பெயர்கள் வில்லியம்ஸும் சேம்பர்ஸும். ஹெஃபர்னனுக்குக் கிடைத்தது 7,500 பவுன். செக்ரோலில் ஆள்பெயர் பதிந்து வயிறு வளர்க்கும் நமக்கு இது உறுத்துகிறது. வேலை செய்தவன் பெயர் ஏட்டில் இல்லையேல் சம்பளம் எவ்வளவாயினும் கணக்குச் சரியன்று.

எவ்வாறாயினும், அத்தையோ குழந்தையோ, பாட்டில் வானுலகத்தார் ஒருவருமிலர். இழந்த உறவே அப்பெயர் பூண்டு நிற்கிறது. இதனை மூட நம்பிக்கை என்று தள்ளுவது துக்கத்தையே தள்ளுவதாகும்.

எனினும் ஒரு குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. இழந்தவர் எப்படி வாழ்ந்தார், என்ன பேசினார், எதற்குச் சிரித்தார் என்று இப்பாட்டு ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆகவேதான் எந்தச் சாவுக்கும் பொருந்துகிறது. 2005இல் பிரிட்டனில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், தம் சவ அடக்கத்தில் ஒலிக்க வேண்டுமென்று மக்கள் விரும்பிய பாட்டுகளில் இது முதலிடம் பெற்றது. நம் தோட்டத்து வாலிபரின் தோழர்களும் வெற்றுப் பாத்திரமொன்றில் தங்கள் துயரைத் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

அத்தாயாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அம்மா, தனியா பயந்து நிக்கிற ஒருத்தன், தன்னைக் கைவிடாத ஒரு ஆளை நெனச்சுப் பாடுறான்" என்றோம்.

"அந்த ஆளு ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதான்மா" என்றோம், பாட்டில் அப்படித்தான் உள்ளது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையில் முடிந்திருந்த மகனுடைய தொலைபேசியை எடுத்து, அந்தப் பாட்டு அதில் எங்கே இருக்கிறதென்று காட்டித் தரும்படி நம் கையிற் கொடுத்தார்.