ஆட்சியைத் தூக்கிக் கொடுத்தவர்கள்: பாசிச எழுச்சி பற்றிய ஆய்வுகள் எங்கே வந்து நிற்கின்றன?

1922 அக்டோபர் 28 காலையில் இத்தாலியப் பிரதமர் லூயிஜி ஃபாக்தா, ராணுவச் சட்டத்தை அறிவிக்கும் ஆணையோடு மன்னரைப் பார்க்கப் போனார். மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ரோம் நகரை நோக்கி வந்துகொண்டிருந்த பாசிஸ்டுகளின் கருஞ்சட்டைப் படையினரிடம் உருப்படியான ஆயுதங்கள் இல்லை. மழையில் நனைந்து, சோறு தண்ணீர் இல்லாமல் நின்றார்கள். தலைநகரில் இருந்த ராணுவம் அவர்களை எளிதில் கலைத்திருக்கும். முசோலினி அந்தக் கூட்டத்தில் நடந்து வரவும் இல்லை. மிலானில் காத்திருந்து, மன்னரின் அழைப்பு வந்த பிறகு இரவு ரயில் ஏறி ரோமுக்கு வந்தார். பாசிஸ்டுகள் பின்னாளில் புரட்சி என்று ஆண்டுதோறும் கொண்டாடிய ஆட்சி மாற்றம் இப்படித்தான் நடந்தது.

பாசிசம் பற்றி ஒரு நூலகத்தையே நிரப்பும் அளவுக்கு ஆய்வுகள் வந்துவிட்டன. அவற்றைத் தொடர்ந்து வாசிக்கும்போது கேள்வியே மெல்ல இடம் மாறியிருப்பது தெரிகிறது. தொடக்கத்தில் 'இந்தச் சர்வாதிகாரி யார்?' என்று கேட்டார்கள். பிறகு 'இவரை ஆதரித்த மக்கள் யார்?' என்று கேட்டார்கள். இன்று முன்னால் நிற்கும் கேள்வி 'இவரிடம் ஆட்சியைக் கொடுத்தவர்கள் யார், எதற்காகக் கொடுத்தார்கள்?' என்பது. இரண்டாம் உலகப் போர் எப்படி வந்தது என்பதற்கும் இந்தக் கேள்வியின் வழியாகத்தான் சரியான விடை கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் விளக்கங்கள்

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களே முதல் விளக்கங்களைத் தந்தார்கள். இத்தாலிய மெய்யியலாளர் பெனடெட்டோ குரோச்சே பாசிசத்தைத் தன் நாட்டு வரலாற்றின் நடுவே வந்த ஓர் இடைச்செருகலாகப் பார்த்தார். கம்யூனிஸ்ட் அகிலம் 1933 இறுதியில் அதை நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பிரிவினுடைய பயங்கரவாதச் சர்வாதிகாரம் என்று வரையறுத்தது. முதல் விளக்கம் இத்தாலியச் சமூகத்தின் பொறுப்பைக் கழற்றிவிட்டது. இரண்டாவது, லட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஏன் அந்தக் கொடியின் பின்னால் போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதைவிட மோசம், அதே அகிலம் 1928 முதல் சமூக ஜனநாயகவாதிகளையே 'சமூகப் பாசிஸ்டுகள்' என்று தூற்றி, ஜெர்மனியில் இடதுசாரிகளின் ஒற்றுமைக்கு இருந்த வாய்ப்பையும் கெடுத்தது.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நிறுவனர்களில் ஒருவராக இருந்து, பின்பு வெளியேற்றப்பட்ட ஆஞ்சலோ தாஸ்கா 1938இல் பாரிஸில் வெளியிட்ட நூல்தான் வரையறையை விட்டுவிட்டு நிகழ்வுகளைப் பின்தொடர்ந்தது. பிரான்ஸ் நாய்மன் 1942இல் எழுதிய 'பெஹிமோத்' நாஜி ஆட்சியைக் கட்சி, ராணுவம், அதிகார வர்க்கம், பெருந்தொழில் என்ற நான்கு சக்திகளின் பேரமாகக் கண்டது. ஹன்னா ஆரென்ட் 1951இல் வேரறுந்த மனிதத் திரளையும் முற்றதிகாரத்தையும் பற்றிப் பேசினார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மூவரோடு உடன்பட்டோ முரண்பட்டோதான் நகர்ந்திருக்கின்றன.

போ ஆற்றுச் சமவெளியில்

வட இத்தாலியின் போ சமவெளியில் பாசிசம் ஒரு பண்ணைத் தகராறாகத்தான் வேர்பிடித்தது. பால் கார்னர் ஃபெராரா மாவட்டத்தையும், ஆண்டனி கார்டோசா பொலோனியா மாவட்டத்தையும் ஆராய்ந்து இதை விளக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே சோஷலிஸ்ட் விவசாயக் கூலிச் சங்கங்களின் கை ஓங்கியிருந்தது. சங்க அலுவலகத்தைக் கேட்காமல் நிலக்கிழார் யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. இத்தனை நிலத்துக்கு இத்தனை ஆட்களைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தமும் இருந்தது. நகராட்சிகள் சோஷலிஸ்டுகள் வசம் இருந்தன.

1920 நவம்பரில் பொலோனியா நகராட்சி மண்டபத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு காட்சி மாறியது. நிலக்கிழார்களின் பணத்தில் பாசிஸ்டுகளை ஏற்றிய லாரிகள் கிளம்பின. இரவில் ஊருக்குள் புகுந்து சங்க அலுவலகத்துக்குத் தீ வைப்பது, சங்கத் தலைவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து அடிப்பது, வாயில் விளக்கெண்ணெய் ஊற்றி ஊரறிய அவமானப்படுத்துவது என்பது வாடிக்கையானது. 1921இன் முதல் பாதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மன்றங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டுறவுச் சங்கங்களும் அழிக்கப்பட்டதைத் தாஸ்கா பட்டியலிடுகிறார். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. ராணுவ முகாம்களிலிருந்து ஆயுதங்கள் கைமாறின.

வன்முறைக்கு நாடாளுமன்ற மரியாதை கிடைத்தது இதற்கு அடுத்த கட்டம். மூத்த தாராளவாதியான ஜொலிட்டி, 1921 மே தேர்தலில் பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். 35 பேர் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள். சோஷலிஸ்டுகளை ஒடுக்க அவர்களைப் பயன்படுத்திக்கொண்டு பிறகு அடக்கிவிடலாம் என்பது ஜொலிட்டியின் கணக்கு. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த தேர்தலின் மோசடியை அவையில் எழுந்து கண்டித்த ஜாக்கோமோ மத்தேயொட்டி 1924 ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். 1925 ஜனவரி 3 அன்று முசோலினி நடந்தவற்றுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அவரைத் தட்டிக் கேட்க அங்கே யாருக்கும் பலம் இருக்கவில்லை.

வாக்குப் பெட்டி சொன்னது

ஜெர்மனியில் மக்கள் பங்கேற்பு இதைவிடப் பெரிது. 1928இல் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. பொருளாதாரப் பெருமந்தம் வந்த பிறகு 1930இல் 18.3 சதவீதம், 1932 ஜூலையில் 37.3 சதவீதம். வேலையில்லாதவர்கள்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தார்கள் என்ற பழைய நம்பிக்கையை ரிச்சர்ட் ஹாமில்டன், யூர்கன் ஃபால்டர் ஆகியோரின் வாக்கு ஆய்வுகள் தகர்த்தன. வேலையிழந்த தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளின் பக்கம் போனார். நாஜிகளுக்கு வாக்கு குவிந்தது புராட்டஸ்டன்ட் கிராமங்களிலும், சிற்றூர்களின் நடுத்தர வர்க்கத்திலும், வசதியான நகர்ப் பகுதிகளிலும். கத்தோலிக்க வாக்காளர்களும் அமைப்பாகத் திரண்டிருந்த தொழிலாளர்களும் அதிகம் அசையவில்லை.

புள்ளிவிவரம் சொல்லாததை வில்லியம் ஷெரிடன் ஆலன் ஒரே ஊரை எடுத்துக்கொண்டு 1965இல் எழுதினார். நோர்ட்ஹைம் சுமார் 10,000 பேர் வாழ்ந்த சிற்றூர். ஊராரைக் காப்பதற்காக முதல் பதிப்பில் அதற்குப் புனைபெயர் வைத்தார். 1932 ஜூலையில் அங்கே நாஜிகள் 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார்கள். கடைக்காரர்களும் அரசு ஊழியர்களும் வறுமையில் விழுந்துவிடவில்லை. ஆனால் தெருவில் நின்ற வேலையற்றோர் வரிசை அவர்களை நடுங்க வைத்தது. உள்ளூர் சமூக ஜனநாயகக் கட்சியைக் கண்டு ஏற்கெனவே பொருமிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தக் கட்சியை ஒழிப்போம் என்று சொன்னவர்கள் நம்மவர்களாகத் தெரிந்தார்கள். யூத வெறுப்பினால் நாஜிகளிடம் போனவர்களைவிட, நாஜிகளிடம் போய் யூத வெறுப்பைப் பழகிக்கொண்டவர்களே அதிகம் என்று ஆலன் காட்டுகிறார்.

ஆட்சி வந்த பிறகு அந்த ஊரின் பாட்டுக் குழுக்கள், விளையாட்டுச் சங்கங்கள், தொழில் அமைப்புகள் எல்லாம் கலைக்கப்பட்டன அல்லது கட்சியின் கீழ் இணைக்கப்பட்டன. நாலு பேர் கூடினால் ஒருவர் காட்டிக்கொடுப்பவராக இருக்கலாம் என்ற அச்சத்தில், கூடுவதையே மக்கள் குறைத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் ஓர் ஊர் தனித்தனி மனிதர்களாக உதிர்ந்துபோன விதத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய ஆய்வு அரிது.

ஜனவரி பேரம்

இருந்தாலும் வாக்குகள் ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் இருபது லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கட்சியின் கஜானா காலி. அந்த இறங்குமுகத்தில்தான் 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில் முன்னாள் பிரதமர் பாபென் ஹிட்லரைச் சந்தித்தார். ஹென்றி ஆஷ்பி டர்னர் 1996இல் எழுதிய நூல் அந்த முப்பது நாட்களை நாள்வாரியாகப் பின்தொடர்கிறது. அப்போதைய பிரதமர் ஷ்லைஷரைப் பழிவாங்கத் துடித்த பாபென், நாடாளுமன்ற ஆட்சியையே வெறுத்த குடியரசுத் தலைவர் ஹிண்டென்பர்க், அவரைச் சூழ்ந்திருந்த சிலர். இவர்கள் வேறு முடிவு எடுத்திருக்க முடியும் என்பதே டர்னரின் தீர்ப்பு.

ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூவர் மட்டுமே. மற்றவர்கள் பழமைவாதிகள். சில மாதங்களில் ஹிட்லரை ஓரங்கட்டிவிடலாம் என்று பாபென் நம்பினார். பிப்ரவரி 28 ஆணை குடிமை உரிமைகளை நிறுத்திவைத்தது. மார்ச் 23 அன்று அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு ஆதரவாக 444 வாக்குகள் விழுந்தன. எதிர்த்தவர்கள் 94 பேர், அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். பெருந்தொழிலதிபர்கள் 1933க்கு முன்பு ஹிட்லருக்குப் பெரிதாகப் பணம் கொடுக்கவில்லை என்று டர்னரே தம் முந்தைய நூலில் நிறுவியிருந்தார். ஆனால் பிப்ரவரி 20 அன்று நாஜித் தலைவர் கோரிங்கின் மாளிகையில் கூடி, இனித் தேர்தலே தேவைப்படாது என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, முப்பது லட்சம் மார்க் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ராபர்ட் பாக்ஸ்டன் 2004இல் வெளியிட்ட ஒப்பீட்டு நூலின் முடிவு இங்கே பொருந்துகிறது: பழமைவாத மேல்தட்டின் கூட்டு இல்லாமல் எந்தப் பாசிச இயக்கமும் ஆட்சிக்கு வந்ததில்லை.

ஆட்சியிலிருந்து போருக்கு

ஏ. ஜே. பி. டெய்லர் 1961இல், ஹிட்லர் மற்ற ஜெர்மன் தலைவர்களைப் போலவே கிடைத்த வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொண்ட அரசியல்வாதி என்று எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். அந்த வாதம் இன்று நிற்கவில்லை. 1936 ஆகஸ்டில் ஹிட்லர் எழுதிய குறிப்பாணை, நான்கே ஆண்டுகளில் ராணுவமும் பொருளாதாரமும் போருக்குத் தயாராக வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

ஆனால் போர் ஏன் 1939இல் வந்தது என்பதில் விவாதம் ஓயவில்லை. ஆள் பற்றாக்குறையும் தொழிலாளர் அதிருப்தியும் சேர்ந்த உள்நாட்டு நெருக்கடி ஆட்சியைப் போருக்குத் தள்ளியது என்றார் டிம் மேசன். அப்படி ஒரு நெருக்கடிக்கு ஆதாரமில்லை என்று ரிச்சர்ட் ஓவரி மறுத்தார். ஆடம் டூஸ் 2006இல் இருவரையும் தாண்டிப் போனார். ஆயுதச் செலவை மறைக்க வெளியிட்ட மெஃபோ உண்டியல்கள் சுமார் 1,200 கோடி மார்க்கைத் தொட்டிருந்தன. இரும்பும் அந்நியச் செலாவணியும் கட்டுப்பாட்டில் விநியோகிக்கப்பட்டன. 1939 ஜனவரியில் மத்திய வங்கி இயக்குநர்கள் எழுத்து மூலம் எச்சரித்தபோது, அதன் தலைவர் ஷாக்ட் பதவியிழந்தார். எதிரி நாடுகளும் ஆயுதம் குவிக்கத் தொடங்கியிருந்ததால், காத்திருந்தால் தோற்போம் என்ற கணக்கில் ஹிட்லர் பாய்ந்தார். பாபென் போன்றோர் அமைத்த கூட்டணியின் முழு விலை இந்த இடத்தில்தான் தெரிந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்ல அரசுக்குள் ஒரு நிறுவனம்கூட மிச்சமில்லை.

நாடுகளுக்கு இடையிலும், சட்டத்தை மீறுபவனுக்கு விட்டுக்கொடுக்கும் இதே தவறு இன்னொரு முறை நடந்தது. 1935 அக்டோபர் 3 அன்று இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது, ஆனால் பெட்ரோலிய எண்ணெயை விட்டுவிட்டது. சூயஸ் கால்வாய் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே கிடந்தது. விமானங்கள் கடுகு வாயுவைக் கொட்டின. அந்த நச்சு வாயு உண்மையை ஆஞ்சலோ டெல் போக்கா பல ஆண்டுகள் வசைகளுக்கு நடுவே எழுதி வந்தார். இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் 1996இல்தான் அதை ஒப்புக்கொண்டது. போர் தொடங்கிய இடத்தை ஐரோப்பாவில் மட்டும் தேடிய பழைய ஆய்வுகளுக்கு இது பெரிய திருத்தம். காலனிகளில் பழகிய கொடுமையே ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தது என்று எமே செசேர் 1950இல் எழுதியதை வரலாற்றாய்வு மிகத் தாமதமாகவே ஏற்றது. எத்தியோப்பியாவில் தண்டனை இல்லை என்பது தெளிவான பிறகு, 1936 மார்ச் 7 அன்று ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பினார். 1938 செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவை அந்த நாட்டையே கேட்காமல் கூறுபோட்டார்கள். ஆறு மாதத்தில் மிச்சமும் போனது. செக் ஆலைகளில் செய்த டாங்கிகள் 1940இல் பிரான்ஸுக்குள் நுழைந்தன.

தடுத்தவர்களும் இருந்தார்கள்

இது தவிர்க்க முடியாத விதி அல்ல என்பதைக் காட்டும் ஆய்வுகள் அண்மைக்காலத்தில் வலுப்பெற்றிருக்கின்றன. ஜொவான்னி கப்போச்சா 2005இல் பெல்ஜியத்தையும் பின்லாந்தையும் எடுத்துக்கொண்டார். பெல்ஜியத்தில் லியோன் டெக்ரலின் பாசிசச் சாயல் கொண்ட ரெக்ஸ் கட்சி 1936இல் 21 இடங்களை வென்றது. 1937 ஏப்ரலில் டெக்ரல் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் இறங்கியபோது, கத்தோலிக்கரிலிருந்து கம்யூனிஸ்டுகள் வரை எல்லாரும் பிரதமர் வான் ஜீலாந்து ஒருவரையே நிறுத்தினார்கள். கத்தோலிக்கப் பேராயர் ரெக்ஸுக்கு வாக்களிப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். வான் ஜீலாந்து நான்கில் மூன்று பங்கு வாக்கு பெற்றார். ரெக்ஸ் அதன் பிறகு தேர்தலில் தலையெடுக்கவே இல்லை. பின்லாந்தில் 1932இல் தீவிர வலதுசாரி லாப்புவா இயக்கம் ஆயுதத்தோடு திரண்டபோது, அதே இயக்கத்தின் ஆதரவில் வந்த பழமைவாதக் குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃப்வுட், வீட்டுக்குத் திரும்புங்கள் என்று வானொலியில் சொன்னார். கலகம் அடங்கியது. இயக்கம் தடை செய்யப்பட்டது.

ஸ்வின்ஹுஃப்வுட் இடதுசாரிகளின் நண்பர் அல்ல. பெல்ஜியப் பேராயரும் அல்ல. பாபெனுக்கும் அவர்களுக்கும் கொள்கையில் இருந்த இடைவெளி சிறிதே. தனக்குப் பிடிக்காத எதிரியை ஒழிக்கச் சட்டத்தை மிதிப்பவனோடு கைகோக்கலாமா என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் வேறு விடை சொன்னார்கள். இத்தனை ஆண்டு ஆய்வுகள் தேடிக் கண்ட பெரிய உண்மை அதுதான். சர்வாதிகாரிகளின் மனத்தைக் குடைந்து பார்ப்பதில் நாம் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது அவர்களுக்குக் கை கொடுத்த கண்ணியமான மனிதர்களைப் படிப்பதில் செலவிட வேண்டும். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் அவர்களே. அடுத்த முறையும் அந்த இடத்தில் இருக்கப்போவது அவர்களைப் போன்றவர்களே.