ஆண்டதை மறந்தவன்

"அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்று சொல்லிக் கைகட்டி நிற்போர் நம்மிடையே ஏராளம். கொடியவன் ஒருவன் முதுமையில் நோயுற்று நினைவிழந்து கிடந்தால், "பார்த்தாயா, செய்த பாவம் சும்மா விடுமா?" என்று மனநிறைவு கொள்வர். நாட்டு நீதிமன்றம் தவறவிட்ட வழக்கை மேலுலக நீதிமன்றம் முடித்துவைத்ததாம்! இந்த எண்ணத்தோடு 'சொப்ரானோஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க அமர்வோர், அதில் வரும் ஜூனியர் என்ற கிழவனின் கதையைக் கண்டு, தம் கொள்கை மெய்யாயிற்று என்றே மகிழக்கூடும். அப்படி மகிழ அத்தொடரில் இடமில்லை என்பதே நம் கருத்து.

டேவிட் சேஸ் படைத்த இத்தொடர், எச்.பி.ஓ. நிறுவனத்தின் வாயிலாக 1999 சனவரி 10 தொடங்கி 2007 சூன் 10 வரை, ஆறு பருவங்களில் 86 பகுதிகளாக வெளிவந்தது. களம் நியூ ஜெர்சி மாநிலம். மாந்தர், இத்தாலியிலிருந்து குடியேறியோரின் வழிவந்த மாஃபியாக் கூட்டத்தார். தொழில், கடும்வட்டியும் சூதும் கட்டட வேலைகளில் கொள்ளையும், வேண்டும்போது கொலையும். தலைவன் டோனி சொப்ரானோவைப் பற்றி ஏடுகள் எழுதிக் குவித்தன. நாம் அவனை விடுத்து அவன் பெரியப்பனைப் பார்ப்போம். கொராடோ என்பது பெயர். ஜூனியர் என்பது ஊர் அழைக்கும் பெயர். மூக்கின்மேல் அகன்ற கண்ணாடி, வாயில் ஓயாத வசை, நெஞ்சில் என்றும் ஆறாத மானப்புண். முதற் பருவத்திலேயே பட்டம் இவனுக்கு, ஆட்சி டோனிக்கு. பெயரளவிலே அரசனாயிருப்பதன் புழுக்கத்தை டாமினிக் கியானீஸ் என்னும் நடிகர் ஒரு புருவ நெளிவிலே காட்டிவிடுகிறார். 1974-இல் வெளிவந்த 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் இத்தகைய கூட்டத்தின் கையாளாகச் சிறு வேடம் ஏற்றவர் அவர். இங்கோ கூட்டத்தின் மூப்பையே சுமக்கிறார்.

மறதி இத்தொடரில் முதலில் நோயாக வரவில்லை, கருவியாகவே வருகிறது. 1999-இல் வந்த முதற் பருவத்தில், பெற்ற மகன் டோனியைக் கொல்ல மைத்துனன் ஜூனியரைத் தூண்டிவிடுகிறாள் அவன் தாய் லிவியா. சூழ்ச்சி பிழைத்ததும் நினைவு தப்பியவள்போல் நடந்துகொள்கிறாள். 2002-இல் வந்த நான்காம் பருவத்தில், நீதிமன்றப் படிகளில் விழுந்து தலையில் அடிபட்ட ஜூனியரும் அதே வழியில் இறங்குகிறான். விசாரணையைத் தாங்கும் மனநிலை தனக்கில்லை என்று நடிக்கிறான். அந்த நடிப்பு விலைபோகவில்லை. பிறகு நடுவர் குழுவில் ஒருவர் மிரட்டப்பட்டு, வழக்கு முடிவின்றிக் கலைகிறது.

கற்பனையென்று இதை ஒதுக்கிவிட முடியாது. நியூ யார்க்கின் ஜெனோவீஸ் கூட்டத் தலைவன் வின்சென்ட் ஜைகாண்டே, பல ஆண்டுகள் குளியலங்கியும் செருப்புமாகக் கிரீனிச் வில்லேஜ் தெருக்களில் முணுமுணுத்துத் திரிந்தான். அவனோடு உடன்பிறந்த பாதிரியாரும் அவன் மனநோயாளியே என்று ஊரறியச் சொன்னார். பாதிரியார் சொன்னால் பொய்யாகுமோ? 1997-இல் அவன் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. 2003-இல், பித்தம் நடித்து நீதியை ஏய்த்ததை அவனே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். பித்தரிடம் மக்கள் காட்டும் பரிவு ஒன்றுதான் அதுவரை கொள்ளை போகாதிருந்தது. அதையும் வழிப்பறி செய்தான்.

ஜூனியருக்கோ, நடித்த நோய் பின்னர் மெய்யாகவே வந்து சேர்கிறது. ஊழ்வினைக்காரர் கைதட்டும் இடம் இதுதான். ஆனால் தொடரை ஆக்கியோர் அக் கைதட்டலுக்குக் காத்து நிற்கவில்லை. 2004-இல் வந்த ஐந்தாம் பருவத்தில், மருத்துவரை முன்னிறுத்திக் காரணம் சொல்லிவிடுகின்றனர். மூளையின் சிறு குருதிக்குழாய்கள் ஆங்காங்கே அடைபட்டிருக்கின்றன, அவ்வளவே. அந்த அடைப்புக்குக் கொலைகாரன் என்றும் தெரியாது, கொடையாளி என்றும் தெரியாது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியருக்கும் வருகிறது. தறியில் கண்ணைத் தேய்த்த மூதாட்டிக்கும் வருகிறது. அவர்கள் யாரைக் கொன்றார்கள்? நோயைத் தண்டனை என்போர், ஒரு கொடியவனைத் தூற்றுவதாக எண்ணிக்கொண்டு, குற்றமற்ற நோயாளர் அத்தனை பேரையும் கூண்டில் ஏற்றிவிடுகின்றனர். பெற்ற மகள் பெயரை மறந்துவிட்ட தாய்க்கு ஊட்டிவிடும் குடும்பத்தின் காதில், "எந்தப் பிறவியில் என்ன செய்தாளோ" என்று ஓதுவது எத்துணைக் கொடுமை! கிழவனைப் பழிப்பதற்குரிய செயல்கள் அவன் வாழ்விலே குவிந்து கிடக்க, அவன் மூளையை ஏன் சான்றுக்கு இழுக்கவேண்டும்?

அந்த ஐந்தாம் பருவத்தில் நம்மை வெகுநேரம் உறங்கவிடாத பகுதி ஒன்றுண்டு. என்றோ மாண்ட தம்பி ஜானியைத் தேடிக்கொண்டு, நெவார்க் நகரில் தான் வளர்ந்த பழைய தெருக்களில் அலைகிறான் ஜூனியர். வீடு இருக்கிறது, வீட்டார் வேறு. அவனிடம் எஞ்சியிருப்பது டோனியை இளமையிலிருந்தே குத்தி வந்த ஒரே வசை: விளையாட்டு வீரனாகும் தகுதி உனக்கில்லை என்பது. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டோனி, சொன்னதையே சொல்லவேண்டுமானால் நல்லதொன்றைச் சொல்லக்கூடாதா, என்மேல் அன்பே இல்லையா என்று கேட்கிறான். கிழவன் கண்ணில் நீர் திரள்கிறது, விடை வரவில்லை. அன்பு உண்டா இல்லையா என்பதைத் தொடர் சொல்லாமலே விடுகிறது. ஆண்மை என்ற பெயரால் அன்பை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத குடும்பத்தில், சொல்ல விழையும் நாளில் சொல் கிடைப்பதில்லை.

2006-இல் ஆறாம் பருவத்தின் தொடக்கத்தில், தனக்கு உணவு சமைத்துக்கொண்டிருக்கும் டோனியை ஜூனியர் வயிற்றில் சுட்டுவிடுகிறான். மலாங்கா என்ற பழம்பகைவன் வந்துவிட்டதாக எண்ணம். அந்த மலாங்காவைக் கொல்வது பற்றிய பூசலோடுதான் 1999-இல் முதற் பகுதியே தொடங்கிற்று. உறவு, ஊர், ஆண்டு எல்லாம் கரைந்த பின்னும் பகை மட்டும் கரையாமல் நிற்கிறதே!

இக்கிழவனைப் பேணியவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். பெருமை பேசும் குடும்பத்தார் அல்லர். அடியாள் பாபி கடைக்கு ஓடுகிறான். உருசிய நாட்டிலிருந்து வந்து கூலிக்குத் தாதி வேலை பார்க்கும் ஸ்வெட்லானா தூக்கிவிடுகிறாள். ஒரு கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவள் அவள். டோனி அவளை நெருங்கும்போது, அவனைத் தாங்கிச் சுமக்கும் வேலை தனக்கு வேண்டாமென்று விலகிவிடுகிறாள். தொடர் முழுவதிலும் டோனியை இப்படி அளந்து பார்த்துத் தள்ளிய பெண்கள் மிகச் சிலரே. அவளுக்கு இன்னும் நான்கு காட்சிகள் தந்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

சுட்டபின் ஜூனியர் மனநல விடுதிக்கு அனுப்பப்படுகிறான். அங்கும் களவாகச் சீட்டாட்டம் நடத்துகிறான். நோயாளி இளைஞன் ஒருவனைத் தன் சீடனாக்கிக்கொள்கிறான். மருந்து அவனை அடக்குகிறது. அடங்கிய குருவைக் கண்டு வெகுண்ட சீடனே அவனை அடித்துத் தள்ளுகிறான். இரக்கம் எழுகிறது, ஆனால் அந்த இரக்கம் பழைய கணக்கை அழித்துவிடாதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். நோயுற்றவனுக்கு மருந்தும் படுக்கையும் உரியவை, பாராட்டு உரியதன்று.

இறுதிப் பகுதியில் டோனி அவனைக் காணச் செல்கிறான். கிழவனுக்கு ஆளும் தெரியவில்லை, ஒளித்துவைத்த பணமும் நினைவில்லை. நீயும் என் தந்தையும் வட ஜெர்சியை ஆண்டீர்கள் என்று டோனி எடுத்துச் சொல்கிறான். அப்படியா, நல்லதுதான் என்பதுபோல் கேட்டுக்கொள்கிறான் கிழவன், யாரோ ஒருவனின் கதையைக் கேட்பதுபோல. எத்தனை உயிர்களைக் கொடுத்து வாங்கிய ஆட்சி அது! கடைசிக் காட்சியில் திரை இருண்டபோது டோனி செத்தானா பிழைத்தானா என்று இன்றளவும் வழக்காடுகின்றனர். நமக்கு அந்த வழக்கில் நாட்டமில்லை. தான் போய்ச் சேரக்கூடிய இடத்தை, இருள்வதற்கு முன்பே பெரியப்பன் முகத்தில் அவன் பார்த்துவிட்டான்.

குறையொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதற் பருவத்தில் பிரெண்டன் ஃபிலோன் என்ற இளைஞன் குளியல் தொட்டியிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான், ஆணை ஜூனியருடையது. ஆணையிட்டவனின் மறதிக்கு இத்துணைப் பகுதிகளை ஒதுக்கிய ஆசிரியர், அந்த இளைஞனை நினைத்திருப்போரின் வீட்டு வாயிலில் நின்று பார்க்கவில்லை. கொன்றவன் எப்படி மறந்தான் என்பதை நுணுகி நுணுகிக் கண்டோம். அந்த வீட்டில் மறக்கமுடியாமல் இருப்பவர் யார், அவர் இராப்பொழுது எப்படிக் கழிகிறது?