எழுத்தாளரும் தனி வலைத்தளமும்

நூலொன்று நிலைபெறுவது அதன் சிறப்பினால் மட்டுமன்று; அது தங்கும் இடத்தினாலுமாகும். ஓலையில் தங்கிய நூல்களைச் செல்லும் நீரும் அழித்தன. தாளில் தங்கியவற்றை நெருப்பும் போரும் இடப்பெயர்வும் அழித்தன. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, பிறிதொரு படி கிடைத்தற்கரிய ஏடுகளும் அதனுடன் மறைந்தன. இக்கால எழுத்துக்கோ புதியதோர் இருப்பிடம் வாய்த்துள்ளது. எழுத்தாளர் ஒருவர் தம் பெயரில் இணையத்தில் அமைத்துக்கொள்ளும் தனி வலைத்தளமே அது. அத்தகைய தளங்கள் தமிழிற் பெருகியுள்ளன. எனினும், நூல்களைப் போல அவற்றையும் ஆராய்ந்து குணமுங் குற்றமும் கூறும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. எழுத்தாளரின் தளம் எத்தகையதாதல் வேண்டும், அதனை எவ்வளவைகள் கொண்டு மதிப்பிடுதல் தகும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தளக் கரையே தக்க தொடக்கத்தைத் தருகின்றது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, அரச சேவையில் இருந்துகொண்டே எழுத்துப்பணி ஆற்றியவர். 1834 இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய விவரத்திரட்டொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1841 இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டித் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலாக்கினார். அவ்வழியில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886 இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களின் விவரங்களை என். செல்வராஜா 2002 முதல் ‘நூல்தேட்டம்’ என்னும் பெயரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருவதும் அம்மரபின் தொடர்ச்சியேயாம்.

இத்தொகுப்பாளர்கள் எதிர்கொண்ட இடர் யாது? புலவர் பலர் தம் பிறந்த ஆண்டையோ, ஊரையோ, இயற்றிய நூல்களின் முழு வரிசையையோ எழுதி வைத்தாரல்லர். அவர் கூறாதுவிட்ட இடத்தைக் கதைகள் நிரப்பின. காசிச்செட்டி பிறர்க்குச் செய்த பணியை இன்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடும். ஆதலின், எழுத்தாளரின் தளத்தை மதிப்பிடுதற்குரிய முதலளவை, அதில் மெய்யான விவரங்கள் முறையாக உளவா என்பதே. பிறப்பு, கல்வி, தொழில் என்பன சில வரிகளிற் போதும். ஆனால் ஒவ்வோர் ஆக்கமும் எவ்வாண்டில், எவ்விதழில், எப்பெயரில் முதன்முதல் வெளிவந்தது என்னும் பட்டியல் குறைவின்றி இருத்தல் வேண்டும். புனைபெயர் பல கொண்டு எழுதுவோர்க்கு இஃது இன்றியமையாதது.

இக்கரையில் இத்தேவை ஏனைய இடங்களினும் மிகுதியென்றே கூறலாம். கற்பிட்டி, புத்தளம், உடப்பு, முன்னேசுவரம், சிலாபம் ஆகிய ஊர்களில் வாழ்ந்து எழுதுவோருட் பலர் ஆசிரியரும் செய்தியாளருமாவர். அவர்தம் கதையும் கவிதையும் கட்டுரையும் வீரகேசரி, தினகரன் முதலிய நாளிதழ்களின் வாரப் பதிப்புகளிலே சிதறிக் கிடக்கின்றன. நறுக்கி வைத்த தாள்கள் கடற்காற்றின் ஈரத்தில் மங்குகின்றன. சொந்தப் பணத்தில் அச்சிடப்பெறும் நூலோ சில நூறு படிகளோடு நின்றுவிடுகின்றது. வடமாகாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலே வந்து தங்கினர். உடுத்த உடையோடு வந்தோர் கையில் நூல்களும் கைப்பிரதிகளும் இருத்தல் எங்ஙனம்? ஒரு முறை இழந்தோர் நிறைந்த இக்கரையில், எழுத்துக்குப் பாதுகாப்பான இடந்தேடல் ஆடம்பரமன்று, கடமையாகும்.

தமிழில் இத்தகைய தளத்தின் ஆற்றலை முழுமையாகக் காட்டியவர் ஜெயமோகன். 2011 இல் ‘அறம்’ வரிசைச் சிறுகதைகள் அவர்தம் தளத்திலேயே முதலில் வெளிவந்து, பின்னரே நூலுருப் பெற்றன. 2014 சனவரியில் தொடங்கி 2020 சூலையில் நிறைவெய்திய ‘வெண்முரசு’ மகாபாரதத்தை நாவல்களாக மறுவாக்கஞ் செய்வது. நூலுக்கும் நூலுக்கும் இடையே சிறிது ஓய்வு விட்டு, நாளுக்கு ஓர் அத்தியாயமாக, 26 நாவல்கள் இணையத்தில் வெளியாயின. எந்த வார இதழ் இத்துணைப் பெருந்தொடருக்கு இடந்தந்திருக்கும்? எந்தப் பதிப்பாளர் முற்பணம் வைத்து இதனைத் தொடங்கியிருப்பார்? இதழாசிரியரின் பக்க அளவுக்கும் பதிப்பாளரின் கணக்குக்கும் உட்படாத இடமொன்று எழுத்தாளர்க்குக் கிடைத்தமையாலேயே அப்படைப்பு இவ்வுருவில் நிகழ்ந்தது எனலாம். திரௌபதை அம்மன் கோயில்களிற் பாரதம் படிக்கக் கேட்டல் தமிழர்க்குப் பழைய வழக்கம். அக்கோயிலையும் தீமிதிப்பையும் உடைய உடப்பு மக்களுக்கு, பாரதத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பின்தொடர்தல் புதுமையன்று. கேட்ட செவியின் இடத்தைக் கண் பெற்றமையே புதுமை.

எனினும், அத்தளத்தின் சிறப்பே அதன் குறைக்கும் காரணமாகின்றது. நாவலும் சிறுகதையும் திறனாய்வும் பயணக்குறிப்பும் வாசகர் கடிதமும் விவாதமும் ஒன்றன்மேலொன்றாய் நாள்தோறும் வந்து குவிகின்றன. இன்றைய பதிவு நேற்றையதை மறைக்கின்றது. ஒரு வாரத்தில் ஓய்ந்த விவாதமும், நூறாண்டு நிற்கத்தக்க கட்டுரையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதன்முறை வரும் மாணவர் எங்குத் தொடங்குவது என அறியாது திகைப்பர். நூலைத் தொகுப்போர் சேர்ப்பதை மட்டுமன்றி விலக்குவதையும் அறிவர். தளத்தின் உரிமையாளர் தாமே எழுத்தாளரும் இதழாசிரியரும் பதிப்பாளருமாக நிற்குமிடத்து, விலக்குங் கை தளர்ந்துவிடுகின்றது. பெரும்படைப்பாளி ஒருவர்க்கே இஃது இடராயின், சிறிதளவே எழுதுவோர் இன்னும் விழிப்போடிருத்தல் வேண்டும். தெரிவும் ஒழுங்குமே இரண்டாம் அளவை.

இதற்கு நேர்மாறான குறையுடைய தளங்களும் உள. அவற்றின் முகப்பிற் பெரிய நிழற்படம் விளங்கும். பெற்ற பட்டங்களும் போர்த்தப்பெற்ற பொன்னாடைகளும் வெளியீட்டு விழாக் காட்சிகளும் வரிசையாய்த் தொடரும். படைப்பைத் தேடிச் செல்வோர்க்கோ நூலின் மேலட்டை மட்டுமே கிட்டும். கதை ஒன்றேனும் முழுமையாய் இராது. ஆக்கத்தை மறைத்து ஆக்கியோனைக் காட்டும் தளம் விளம்பரப் பலகையேயன்றி இலக்கிய இருப்பிடமாகாது.

மூன்றாவதாகக் கருதற்பாலது நிலைபேறு. இணையத்தில் இட்டது என்றும் அழியாதெனப் பலர் எண்ணுகின்றனர், அது பிழை. ஆட்களப் பெயர் ஆண்டுதோறும் கட்டணஞ் செலுத்திப் பெறும் வாடகை மனை போன்றது. கட்டணம் நின்றால் தளமும் மறையும். எழுத்தாளர் மறைந்தபின், கடவுச்சொல்லை அறியாத மக்கள் என்செய்வர்? இலவசமாய்க் கிடைக்கும் இடமும் உறுதியானதன்று. இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் என்னும் இலவச சேவையை யாகூ நிறுவனம் 2009 இல் மூடிவிட்டது. எழுத்துருவாலும் அழிவு நேரும். ஒருங்குறி பரவுமுன் ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களில் இடப்பெற்ற தமிழ்ப் பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றுகின்றன. கட்டுரையைப் படம்பிடித்து இடுவோரும் அறியவேண்டியது ஒன்றுண்டு: படத்திலுள்ள சொல்லைத் தேடுபொறி எளிதிற் காணாது; பார்வையிழந்தோர்க்கு வாசித்துக் காட்டும் கருவியும் அதன்முன் வாயடைத்து நிற்கும்.

நான்காவது அளவை பாடத்தூய்மை பற்றியது. அறிஞர் பெரிதும் கவலைகொள்ள வேண்டியதும் அதுவே. 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடங்களைத் தெளிந்தே அன்னோர் அப்பணியைச் செய்தனர். ஏடுகள் வேறுபட்டமையால் ஆராய்ச்சிக்கு இடமிருந்தது. அச்சு நூலிலும் முதற் பதிப்பையும் இரண்டாம் பதிப்பையும் அருகருகே வைத்து நோக்கலாம். வலைத்தளத்திலோ ஆசிரியர் நள்ளிரவில் ஒரு பத்தியை நீக்கிவிடலாம். முன்பு சொன்ன கருத்தைச் சொல்லாததாக்கலாம். நீக்கியமைக்குத் தடயமும் இராது. திருத்துதல் எழுத்தாளரின் உரிமையே. ஆயினும், திருத்திய நாளையும் திருத்தத்தின் தன்மையையும் பக்கத்தின் அடியிற் குறித்தல் அறமாகும். இன்றேல், எதிர்காலத்துப் பதிப்பாசிரியர்க்கு ஒப்புநோக்க ஏடொன்றும் எஞ்சாது.

இவற்றால் தனித்தளம் வேண்டாவென்பது முடிபாகாது. தளம் மட்டும் போதாதென்பதே முடிபு. தமிழர் இதற்குத் துணையான பொது நிலையங்களை முன்னரே அமைத்துள்ளனர். 1998 இல் கல்யாணசுந்தரம் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் இணையத்தில் ஏற்றியது. 2005 இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆண்டு மலர்களையும் காத்து வருகின்றது. எழுத்தாளர் தம் தளத்தைத் தம் இல்லமாகவும், இத்தகைய நிலையத்தைத் தம் ஆக்கங்களின் காப்பகமாகவும் கொள்ளல் வேண்டும். ஒருங்குறியில் எளிய வடிவில் எழுதிய படி ஒன்று தளத்தில், ஒன்று பொதுக் காப்பகத்தில், ஒன்று வீட்டில், தாளில் அச்சிட்ட ஒன்று ஊர் நூலகத்தில் என நான்கிடத்து வைத்தல் நன்று. தமக்குப்பின் அவற்றைப் பேணும் உரிமை யாருடையது என்பதையும் எழுத்தில் விட்டுச்செல்லல் நன்று. ‘.இலங்கை’ எனத் தமிழெழுத்தில் முடியும் முகவரிக்கு 2010 முதல் வழியிருத்தலால், பெயரும் முகவரியும் தமிழிலேயே விளங்கவுங் கூடும்.

கல்லூரிகளுக்கும் இதிற் பங்குண்டு. முதிய எழுத்தாளர் பலர்க்குக் கணினிப் பயிற்சி இல்லை. மாணவர்க்கோ அது கைவந்த கலை. ஊரின் எழுத்தாளர் ஒருவரைத் தெரிந்து, அவர்தம் நறுக்குகளைப் பெற்று, பிழையின்றித் தட்டச்சுச் செய்து, வெளிவந்த நாளோடு ஒழுங்குபடுத்துதலைவிடச் சிறந்த தமிழ்ப் பயிற்சி மாணவர்க்கு வேறில்லை. உடப்புக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களுக்குத் தாளிற் சொல் தங்கும், இசை தங்காது. வலைத்தளத்தில் சொல்லும் குரலும் ஒருங்கே தங்கும். நூல் தராத இவ்வசதியைப் பயன்கொள்ளாதுவிடல் இழப்பேயாம்.

காசிச்செட்டி பிறர் பெயர்களைத் திரட்டிக் காத்தமையாலேயே அவர் பெயரும் இக்கரையில் வாழ்கின்றது. தம் தளத்தைக் கட்டும் எழுத்தாளர்க்கு அவர் வாழ்வு ஒரு பாடமாகும். முகப்பில் தம் உருவத்தை நிறுத்துவோரைக் காலம் எளிதில் மறக்கும். ஆக்கத்தை நாளோடும் ஒழுங்கோடும் வைத்து, வருவோர்க்குக் கதவைத் திறந்து வைத்தோரை, அவர் மறைந்தபின் வரும் ஒரு மாணவரேனும் தேடிக் கண்டடைவர்.