எஞ்சியோரின் மகிழ்ச்சி: பூட்டானின் 'மொத்த தேசிய மகிழ்ச்சி'க் கொள்கை பற்றிய ஒரு திறனாய்வு

நாட்டின் செல்வத்தைக் குடிமக்களின் மகிழ்ச்சிக்காகச் செலவிடலாமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்பட்டு வருகின்றது. உற்பத்தி பெருகுவதே முன்னேற்றம் என்று நம்பிய காலம் போய், பெருகிய உற்பத்தி மாந்தரை எங்கே கொண்டு சேர்த்தது என்று கேட்கும் காலம் வந்துள்ளது. ஒரு நாட்டின் வருமானம் ஆண்டுக்காண்டு உயர்ந்தாலும், தம்மை மகிழ்ச்சியுள்ளோர் என்று கூறிக்கொள்ளும் மக்களின் அளவு அதற்கேற்ப உயர்வதில்லை என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு ஈஸ்டர்லின் 1974-இல் எடுத்துக்காட்டினார். அவர் கருத்தை மறுத்தோரும் உளர். எனினும் அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அறிஞர்கள் ஏட்டளவில் விவாதித்துக்கொண்டிருந்த இவ்வினாவிற்கு ஓர் அரசே முன்வந்து விடையளித்தது. அது இமயச் சரிவிலுள்ள பூட்டான். அந்த விடை எவ்வளவு தூரம் செல்லத்தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1972-இல் இளவயதில் அரியணை ஏறிய ஜிக்மே சிங்யே வாங்சுக், மொத்த தேசிய உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சியே முக்கியமானது என்று கூறியதாகச் சொல்லப்படுகின்றது. அரசர் ஒருவரின் சொல்லாகப் பிறந்த இக்கருத்து, பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்களில் இடம்பெற்று, 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சட்டமாயிற்று. 2011-இல் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவையும் இதனையொட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டு மார்ச்சு 20 உலக மகிழ்ச்சி நாளாக அறிவிக்கப்பட்டது. செல்வ நாடுகளுக்குச் சிறிய நாடு ஒன்று பாடம் புகட்டியது என்று பலரும் வியந்தனர்.

அவ்வியப்பிற்குக் காரணம் இல்லாமலில்லை. 1961-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது அந்நாட்டில் மோட்டார் செல்லும் சாலையே இல்லை எனலாம். 1960-களில் நாற்பதை எட்டாதிருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதைக் கடந்துவிட்டது. அந்நாட்டின் செல்வம் யாது? மலையிலிருந்து விழும் ஆறுகளே. இந்தியாவின் நிதியுதவியால், நூற்றுக்கு அறுபது பங்கு நன்கொடையாகவும் நாற்பது பங்கு கடனாகவும் பெற்று எழுந்த 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் 1986-88-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து 1,020 மெகாவாட் தாலா நிலையம் வந்தது. மின்சாரத்தை இந்தியாவிற்கு விற்றுப் பெற்ற பணத்தில் ஒரு பகுதியை அரசு பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இட்டது. தடுப்பு மருந்துகளுக்கும் இன்றியமையாத மருந்துகளுக்கும் என்றே 1998-இல் ஒரு நிலைநிதியைத் தோற்றுவித்தது. அயலார் உதவி என்றேனும் நின்றுபோனால் குழந்தைக்கு ஊசி போடுவதும் நின்றுபோகலாகாது என்ற முன்யோசனை அதில் உண்டு. இத்தகைய செலவைக் குறைகூறுவோர் பக்கம் நாம் நிற்கப்போவதில்லை. நீரும் காடும் ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியனவல்ல. அவற்றால் வரும் பணம் ஊருக்குப் பொதுவாகச் செலவாவது நேரிதே.

இனி அரசியலமைப்பின் வாசகத்தைச் சற்று உற்றுநோக்குவோம். ஒன்பதாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மக்களை மகிழ்விப்பது அரசின் கடமை என்று கூறவில்லை. மொத்த தேசிய மகிழ்ச்சியை நாடிச் செல்வதற்கு ஏற்ற நிலைமைகளை வளர்க்க அரசு முயலவேண்டும் என்றே கூறுகின்றது. இது எச்சரிக்கையோடு எழுதப்பட்ட வாக்கியம். மகிழ்ச்சி மாந்தருடையது; அதற்கான நிலைமைகளே அரசின் பொறுப்பு என்ற வேறுபாட்டை அது அறிந்திருக்கின்றது. அதே பிரிவு பத்தாம் வகுப்புவரை கட்டணமற்ற கல்வியையும், அடிப்படை மருத்துவத்தையும் உறுதிசெய்கின்றது. ஐந்தாம் பிரிவு, நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கிற்குக் குறையாமல் என்றென்றும் காடு நிற்கவேண்டும் என்கின்றது. இவற்றைப் படிக்கும் எவரும் மகிழாதிருக்க முடியாது.

ஆனால் ஒன்பதாம் பிரிவிற்கு வருமுன் வாசகர் ஆறாம் பிரிவைக் கடக்கவேண்டும். குடிமகன் யார் என்பதை அது வரையறுக்கின்றது. தாய், தந்தை இருவரும் குடிமக்களாயிருப்பின் பிள்ளை குடிமகன். அஃதன்றி, 1958 டிசம்பர் 31-ஆம் நாளன்றோ அதற்கு முன்னரோ நாட்டில் குடியிருந்து, அரசுப் பதிவேட்டில் பெயர் பதியப்பெற்றவன் குடிமகன். பிறர் விண்ணப்பித்துப் பெறலாம். ஆயின் பதினைந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருக்கவேண்டும், சொங்கா மொழி பேசவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும், அரசனுக்கோ நாட்டிற்கோ மக்களுக்கோ எதிராகப் பேசியதாகவோ நடந்ததாகவோ பதிவு இருத்தலாகாது. வெறும் சட்ட நுணுக்கம் என்று இதனைத் தள்ளிவிட இயலாது. 1958 என்னும் ஆண்டு பூட்டானின் தென்பகுதியில் என்ன செய்தது என்பதை அறிந்தோர்க்கு அப்பிரிவின் பொருள் விளங்கும்.

பூட்டானின் தென்புறத் தாழ்நிலங்களில், காடு திருத்திப் பயிர்செய்யப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடியேறிய நேப்பாளி மொழி பேசும் மக்கள் வாழ்ந்துவந்தனர். தென்புறத்தார் என்னும் பொருள்பட லோத்ஷாம்பா என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை அளித்தது. 1985-இல் வந்த புதிய சட்டமோ 1958-ஐ ஓர் எல்லைக்கோடாக மாற்றிற்று. 1988-இல் தென் மாவட்டங்களில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு மக்களை ஏழு வகையாகப் பிரித்தது. முதல் வகையினர் உண்மைப் பூட்டானியர். ஏழாம் வகையினர் அந்நியர். 1958-ஆம் ஆண்டின் நிலவரி இரசீதைக் காட்டுமாறு உழவர்கள் கேட்கப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டின் இரசீதைக் கொண்டுவந்தும் ஏற்கப்படாதோர் உண்டு என்று மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. ஒரே கூரையின்கீழ்க் கணவன் ஒரு வகையிலும் மனைவி வேறு வகையிலும் எழுதப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வரிச்சீட்டை எத்தனை குடிசைகள் காத்துவைத்திருக்கும்?

1989-இல், 'ஒரு நாடு, ஒரு மக்கள்' என்ற கொள்கையின்படி, வடபுறத்தாரின் உடையும் ஒழுகலாறுமான திரிக்லாம் நம்ஷா அனைவர்க்கும் கட்டாயமாயிற்று. பள்ளிகளிலிருந்து நேப்பாளி மொழி அகற்றப்பட்டது. முறையிட்ட ஆலோசனைச் சபை உறுப்பினர் தேக் நாத் ரிசால் சிறைப்பட்டுப் பத்தாண்டுகள் கழித்தே விடுதலை பெற்றார். 1990-இல் கிளர்ச்சி எழுந்தது, அடக்குமுறை பின்தொடர்ந்தது. நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் நேப்பாளத்தின் கிழக்கிலுள்ள ஜாப்பா, மோரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

வெளியேறியோர் பலரிடம், தாமாகவே விரும்பிச் செல்வதாகக் கூறும் படிவங்களில் கையொப்பம் வாங்கப்பட்டது. அவ்வமயம் புகைப்படக் கருவியின் முன் சிரிக்குமாறு தமக்குக் கட்டளையிடப்பட்டதாக அகதிகள் வாக்குமூலம் அளித்துள்ளனர். இச்சிரிப்பு கோப்பில் தூங்கவில்லை. 2001 முதல் பூட்டானும் நேப்பாளமும் இணைந்து ஒரு முகாமில் நடத்திய சரிபார்ப்பின் முடிவு 2003-இல் வெளியானபோது, அங்கிருந்தோரில் நூற்றுக்கு எழுபது பேர் 'தாமாக வெளியேறியோர்' என்று வகுக்கப்பட்டனர். வலிந்து வெளியேற்றப்பட்டோர் என ஏற்கப்பட்டவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. மகிழ்ச்சியைத் தன் குறிக்கோளாக அறிவித்த அரசு, மகிழ்ச்சியின் சாயலையே சான்றாகப் பயன்படுத்திய கதை இது. இக்கொள்கையை உலக மேடைகளில் விளக்கும் நூல்கள் பலவற்றில் இதற்கு ஓர் அடிக்குறிப்பேனும் இல்லை.

அரசு தன் பக்கத்து நியாயத்தைக் கூறாமலில்லை. அண்டையிலிருந்த சிக்கிம், நேப்பாளி மொழியினர் பெரும்பான்மையாகிய நிலையில், 1975-இல் தன் தனியாட்சியை இழந்து இந்தியாவோடு இணைந்தது. இரு பெரும் நாடுகளிடையே நெருக்குண்ட சிறு இனம், தன் மொழியும் பண்பாடும் கரைந்துபோகும் என்று அஞ்சியதை நாம் எள்ளி நகையாடலாகாது. சட்டப்புறம்பாகக் குடியேறியோரும் இருந்தனர். கிளர்ச்சியாளரிடையே வன்முறையும் இருந்தது. ஆயினும் அச்சம் மெய்யானது என்பதனால் அதன் பெயரால் செய்யப்பட்டவை யாவும் நேரியவையாகிவிடா. ஒரு மாவட்டத்து உழவர் குடும்பம் முழுவதையும் வெளியேற்றுவதற்கு எந்த அச்சமும் போதிய காரணமன்று.

'அது பழைய நிகழ்ச்சி; மகிழ்ச்சிக் கொள்கை வேறு, குடியுரிமைச் சிக்கல் வேறு' என்று சிலர் பிரித்துப் பேசுவர். அப்பிரிப்பு நிற்காது என்பதற்குக் கொள்கையின் அளவுகோலே சாட்சி. மொத்த தேசிய மகிழ்ச்சிச் சுட்டெண் ஒன்பது துறைகளையும் முப்பத்துமூன்று குறியீடுகளையும் கொண்டது. உள்ளநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, வாழ்க்கைத்தரம் முதலியவை அத்துறைகள். உறக்கத்திற்கும் உழைப்பிற்கும் செல்லும் நேரத்தைக்கூட அளப்பது பாராட்டத்தக்கது. பெண்களின் ஊதியமற்ற உழைப்பு உற்பத்திக் கணக்கில் ஒருபோதும் தென்படுவதில்லையன்றோ. ஆனால் பண்பாட்டுத் துறையின் நான்கு குறியீடுகளுள் ஒன்று எது? அதே திரிக்லாம் நம்ஷா. 1989-இல் தென்புறத்தார்மீது ஆணையாகச் சுமத்தப்பட்ட ஒழுகலாறு, பின்வந்த சுட்டெண்ணில் மகிழ்ச்சியின் ஓர் உறுப்பாக அமர்ந்திருக்கின்றது. நிலைமைகளை மட்டும் பேசிய அரசியலமைப்பு வாசகத்தின் அடக்கம் இங்கே கைவிடப்பட்டது. எப்படி வாழ்வோர் மகிழ்ச்சியுள்ளோர் என்று அரசே வரையறுக்கத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் 'நலம்', 'மகிழ்ச்சி' என்னும் இரு சொற்களின் வேறுபாடு முக்கியமாகின்றது. நாம் இவற்றைப் பேச்சில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குகிறோம். அரசு அவ்வாறு செய்யலாகாது. மருந்தில்லாத மருத்துவமனையைக் கண்ட குடிமகன் அதிகாரியிடம் சென்று உரிமையோடு முறையிடலாம். அவன் முறையீடு உண்மையா என்பதை மருந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிடலாம். மகிழ்ச்சி நாட்டின் குறிக்கோளாகிவிட்டாலோ, முறையிடுபவனே கணக்கில் ஒரு குறையாகிவிடுகிறான். அமர்த்தியா சென் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்திற்கு வருகிறார். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டோர் தம் நிலைக்கேற்ப ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு, கிடைத்ததில் மனநிறைவு காணப் பழகிவிடுவர். ஆதலால் மனநிறைவை மட்டும் அளந்தால் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் வாதம். பூட்டானின் சுட்டெண் மனநிறைவோடு நில்லாமல் பள்ளியாண்டுகளையும் வருமானத்தையும் அளப்பதால், சென் கூறும் குறையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. அந்த அளவிற்கு அதனை ஆக்கியோர் அறிவுடையோர். அது தப்பாத குறை வேறொன்று.

அச்சுட்டெண் 2010-இல் 0.743, 2015-இல் 0.756, 2022-இல் 0.781. மகிழ்ச்சியுள்ளோர் என்று வகுக்கப்பட்டவர் 2010-இல் நூற்றுக்கு 41, 2022-இல் 48. ஏறுமுகந்தான். 2010-இல் 7,142 பேரிடமும், 2022-இல் 11,052 பேரிடமும் கேட்டறிந்த விடைகளின் தொகுப்பு இது. இவர்கள் யாவரும் நாட்டிற்குள் இருப்போர். முகாம்களுக்குப் போனவர்களிடம் எவரும் வினாத்தாள் நீட்டவில்லை. மிகவும் துயருற்றோரை எல்லைக்கு வெளியே வைத்தபின் எடுக்கும் எந்தச் சராசரியும் எஞ்சியோரின் சராசரியே. அண்மைக் காலத்தில் இதே ஓட்டை வேறு வகையிலும் புலப்பட்டுள்ளது. 2022-க்குப் பின் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், ஆசிரியர்களும் செவிலியர்களும் அரசு ஊழியர்களும் உட்பட, ஆஸ்திரேலியாவிற்குச் செல்லத் தொடங்கினர். இவர்களை ஒருவரும் துரத்தவில்லை. வேலையும் ஊதியமும் தேடிப் போனார்கள். இலவசக் கல்வி பெற்றோரே போகின்றனர். அடுத்த கணக்கெடுப்பில் இவர்களும் இல்லை. பிரதமராகிய செரிங் தொப்கே 2013-இலேயே, மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு வேலையின்மை, கடன் முதலிய மெய்யான சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்பக்கூடும் என்று எச்சரித்தார். உள்ளிருந்தே எழுந்த அக்குரல் வெளியாரின் புகழுரைகளைவிட நமக்குப் பயனுள்ளது.

ஆகவே, நாட்டின் செல்வத்தை மக்கள் நலத்திற்குச் செலவிடவேண்டுமா என்று கேட்டால், ஆம் என்பதே நம் விடை, பூட்டான் செலவிட்டது, அதன் பயனைக் குழந்தைகளின் ஆயுளில் காண்கிறோம். ஆனால் 'குடிமக்களின் மகிழ்ச்சி' என்ற தொடரில் எல்லாரும் இரண்டாம் சொல்லையே விவாதிக்கின்றனர். உயிர்களைப் பிரித்தது முதற்சொல்.

2008 முதல் அமெரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகள் முகாமிலிருந்தோரில் 113,000-க்கும் மேற்பட்டோரை ஏற்றுக் குடியமர்த்தின. பூட்டான் ஒருவரையும் திரும்ப ஏற்கவில்லை. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் முகாம்களிலேயே தங்கிவிட்டனர்; அவர்களுள் சிலர் இறக்குமுன் தம் நிலத்தைக் காணவேண்டும் என்பதற்காகவே வேறெங்கும் செல்ல மறுத்த முதியோர். கிளர்ச்சிக் காலத்தையும் அதனையொட்டிய ஆண்டுகளையும் சார்ந்த அரசியல் கைதிகள் குறைந்தது 37 பேர் இன்னும் பூட்டான் சிறைகளில் இருப்பதாக 2023-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிவித்தது.

அதே 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், சர்பாங் மாவட்டத்துக் கெலேபுவில் 'மனவிழிப்பு நகரம்' ஒன்று எழும் என்று இன்றைய அரசர் ஜிக்மே கேசர் அறிவித்தார். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புடைய அத்திட்டம் இளைஞரை நாட்டில் நிறுத்திவைக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1990-களில் லோத்ஷாம்பா மக்கள் விட்டுச்சென்ற மாவட்டங்களுள் சர்பாங்கும் ஒன்று. 2025 மார்ச்சு முதல், அமெரிக்காவில் குடியமர்ந்தவருள் குற்றத் தண்டனை பெற்ற சிலரை அந்நாடு பூட்டானுக்கே விமானத்தில் திருப்பி அனுப்பிற்று. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து சிலர் நேப்பாளத்திற்குள் நுழைந்து, தாம் வளர்ந்த முகாம்களைத் தேடிச் சென்றனர். நேப்பாளக் காவலர் அவர்களுட் சிலரைச் சட்டப்புறம்பாக எல்லை தாண்டியவர்கள் என்று பிடித்துவைத்தனர்.